வைஃபை எட்டும் தூரம்

“காருக்குன்னே தனியா ஒரு சிம் இருக்குப்பா, நம்ம போன்ல டவர் இல்லாட்டியும் இதுல நெட் வரும்” என்றான் சுதாகர். காலையில் பல்லாவரத்தில் கிளம்பியதிலிருந்து இதை எத்தனை தடவை சொல்லிவிட்டான் என்று சிகாமணிக்குக் கணக்கில்லை. சொல்லட்டும், பாவம், அவனுக்கும் வேறு என்னதான் சொல்லத் தோன்றும். அத்தைக்காரி வடலூரில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறாள், அப்பன்காரன் மடியில் கோடிப் புடவையை வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான், மேல்மருவத்தூர் தாண்டி வண்டி நின்றது நின்றதுதான், இதில் ஓடிக்கொண்டிருப்பது என்று பார்த்தால் காருக்குள் இருக்கிற அந்த வைஃபை ஒன்றுதான். முன்னால் ஒரு ஆம்னி பஸ்ஸின் முதுகு. பக்கத்தில் கோழிக்கூண்டு ஏற்றிய வேன், அதிலிருந்து ஒரு கோழி இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பாமாயில் டேங்கர் குடை சாய்ந்துவிட்டதாம், ரோடு முழுக்க எண்ணெயாம், மண் கொட்டி வழி பண்ணுகிறார்களாம். இதையெல்லாம் யாரும் வந்து சொல்லவில்லை, கார்தான் சொல்லிற்று. ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் ரோடு ரத்தச் சிவப்பாக ஒரு கோடு, அந்தக் கோட்டின் வாலில் நீலப் புள்ளியாக இவர்கள். எல்லாம் தெரிகிறது, நகரத்தான் முடியவில்லை. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. சிகாமணி புடவைக் கவரை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

மூணு மணிக்கு ராகு காலம். அதற்குள் எடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை, நாலரைக்கு மேல் எடுத்தால் பொழுது சாய்ந்துவிடும், ஐப்பசி மழை வேறு கடலூர்ப் பக்கமெல்லாம் கட்டிக்கொண்டு நிற்கிறதாம், மழை பிடித்தால் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒன்றும் பற்றாது. இதை அக்கா மகன் குணா பதினொரு மணிக்கே போனில் சொல்லிவிட்டான், சொல்லும்போது கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. “வந்துடுவீங்கல்ல மாமா? நீங்க வராம எடுக்க மாட்டோம் மாமா.” எப்படி எடுப்பார்கள்? பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எந்தப் பெண்பிள்ளையை எடுத்திருக்கிறார்கள்? கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் வேறு வீட்டுக்காரி, வேறு இனிஷியல், வேறு குலசாமி, ஆனால் போகிற அன்றைக்குக் கடைசித் துணி மட்டும் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும், கூடப் பிறந்தவன் கையால்தான் போட வேண்டும். அப்பா இல்லை, பெரிய அண்ணன் போய் வருஷக்கணக்காகிறது, மிச்சமிருக்கிற பிறந்த வீடு என்பது சிகாமணி ஒருத்தர்தான். அவர் இந்தக் காருக்குள் இருக்கிறார். அப்படியென்றால் அக்கா தனபாக்கியத்தின் பிறந்த வீடே இப்போது அச்சிறுபாக்கத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் நடுவில் ஒரு கோழி வேனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இதை நினைத்ததும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கோடி போடும்போது முகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான், கிட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கார் வந்த அன்றைக்கு அக்காவுக்குப் போன் பண்ணியது ஞாபகம் வந்தது. ஷோரூம் பையன் சாவியைக் கொடுக்கும்போது, “வீட்டையே கூடக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி சார், எட்டு பேரு ஒரே நேரத்துல நெட் பார்க்கலாம்” என்று அளந்துவிட்டான். அதை அப்படியே அக்காவிடம் ஒப்பித்தார். “காருல எதுக்குடா நெட்டு? ரோட்டப் பார்த்து ஓட்டுனா ஆகாதா?” என்றாள். “ஓட்டுறவனுக்கு இல்லக்கா, கூட வர்றவங்க பேசிக்கிட்டே வரலாம், மூஞ்சியப் பார்த்துக்கிட்டே வரலாம்.” “அப்படியா சங்கதி! அப்ப நீ என்னைப் பார்க்க வர்றப்ப, எங்க வீட்டு வாசல்ல வந்து எறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே வாடா” என்றாள். பேசிக்கொண்டே வருகிறேன் என்றார். வந்தாரா? வீடியோவில்தான் வாரம் தவறாமல் பார்க்கிறோமே, இதில் போய் என்ன புதிதாகப் பார்க்கப் போகிறோம், மழை நிற்கட்டும், வெயில் குறையட்டும், மருமகள் நிரஞ்சனாவுக்கு லீவு கிடைக்கட்டும். மூஞ்சியைப் பார்க்கிற வசதி வர வர, போகிற வழிதான் தூரமாகிக்கொண்டே போயிற்று. வீடியோவில் அவள் எப்போதும் நெற்றிப்பொட்டை மட்டும்தான் காட்டுவாள், போனை எப்படிப் பிடிப்பதென்று கடைசி வரை பிடிபடவில்லை. பேசி முடித்தால் போனை வைக்கத் தெரியாதா, வைக்க மனசில்லையா, அதுவும் தெரியாது. “நீ வைடா முதல்ல” என்பாள். “நீ வைக்கா.” “நான் வைக்க மாட்டேன், அபசகுனம் மாதிரி இருக்கு, நீ வை.” கடைசியில் அவர்தான் வைப்பார், ஒவ்வொரு தடவையும். செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்தே தலை நரைத்த மனுஷனுக்கு லைனை வைப்பதற்கா சொல்லித்தர வேண்டும்! சாவு சேதி சொல்கிற ஆட்களை அங்கே முதல் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவார், எடுத்ததும் “ஒண்ணும் பதறாதீங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நேற்று சாயங்காலம் குணாவும் அப்படித்தான் ஆரம்பித்தான். காபி போட்டு மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தவள் சாய்ந்துவிட்டாள் என்று அவன் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே சிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“டேங்கர் சாஞ்சது பத்தரைக்குத்தானாம்ப்பா” என்றான் சுதாகர், திரையைத் தடவிக்கொண்டே. “கொஞ்சம் முந்தி வந்திருந்தா தாண்டியிருப்போம்.” குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் சிகாமணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காரில் அந்த நெட் கனெக்‌ஷன் இல்லாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, எல்லாம் விதி என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இப்போது நேரம் காலத்தோடு தெரிந்துவிட்டது. செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, நீங்க உட்காருங்க, நானே வாங்கிட்டு வந்துடறேன் என்று இறங்கிப்போனவர், ஒரு கோடிப் புடவை வாங்க அவ்வளவு நேரமா எடுப்பார்? கோடிக்கு யாரும் கலர் பார்ப்பதில்லை, பேரம் பேசுவதில்லை, ஒரு நூல் புடவை, வாங்கினோம் வந்தோம் என்று வர வேண்டும். இவர் போய் நின்றதும் அந்தக் கடைப் பெண், “என்ன விசேஷம்ங்கய்யா?” என்று கேட்டாள். “அக்காவுக்கு” என்றார். “அறுபதாம் கல்யாணமாங்கய்யா?” என்று அவளே சிரித்துக்கொண்டு கேட்டாள். இவர் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டிய தலையை அப்புறம் எப்படித் திருப்பி வாங்குவது? “அக்கா சிவப்பா, மாநிறமா?” “மாநிறந்தாம்மா. என்னைவிட ஒரு மாத்து கம்மி.” “பட்டு காட்டட்டுமா?” “பட்டுன்னா கனமா இருக்கு, கழுத்தெல்லாம் அரிக்குதும்பாங்க, லேசா இருக்கணும்.” இருக்கணும், கட்டுவாங்க, பிடிக்காது என்பாங்க என்று இவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டினாள், அரக்கு, கிளிப்பச்சை, வெங்காயத் தோல் கலர். பெண்சாதி விமலா போன பிறகு இவர் ஒரு புடவைக்கடையில் கால் வைத்ததில்லை, பொங்கல் வரிசைப் புடவையைக்கூட மருமகள்தான் ஆன்லைனில் பார்த்து இவர் பெயரில் வடலூருக்கு அனுப்பிவிடுவாள். இன்றைக்குத்தான் கையால் தொட்டு வாங்குகிறார். வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டாலும் இன்னொன்று காட்டும்மா என்றுதான் வாய் சொல்லிற்று. ஏனென்றால் அந்தக் கடைக்குள் அக்கா உயிரோடு இருந்தாள். கடைசியில் அரக்கை எடுத்தார். கவரைக் கொடுக்கும்போது அந்தப் பெண், “அக்காவுக்குப் பிடிக்கலைன்னா பில்லோட கொண்டாங்கய்யா, மாத்தித் தர்றோம்” என்றாள்.

பின் சீட்டில் நிரஞ்சனா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். அரை நாள்தான் லீவு கொடுத்தார்களாம். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டாள், “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, சத்தம் வராம பேசுறேன்” என்று. தப்பாக எடுக்க இதில் என்ன இருக்கிறது, இந்த வைஃபை இல்லையென்றால் அவள் வந்தே இருக்க மாட்டாள், சுதாகர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருப்பான், அந்த மட்டும் பிரயோஜனம்தான். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் யாரோ யாருக்கோ இங்கிலீஷில் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, முன்னால் இவர் மூணு மணியை நினைத்துக்கொண்டிருக்க, ஒரே காருக்குள் இரண்டு காலம் ஓடுவது மாதிரி தலை கிறுகிறுத்தது. வேறு ஒரு சங்கடமும் சேர்ந்துகொண்டது, அடிவயிறு முட்டிற்று. வயசானால் துக்கத்துக்குக்கூட இது மரியாதை கொடுப்பதில்லை. கதவைத் திறந்து இறங்கி, வேலிகாத்தான் புதர் வரை நடந்து போனார். நேரம் பார்த்து சட்டைப் பையில் போன் அடித்தது, குணா வீடியோவில். எடுத்தால் அவன் முகம் பாதி வந்து அப்படியே உறைந்துபோய் நின்றது, வாய் திறந்தபடி. திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றதும் அந்த வாய் அசைந்து பேச ஆரம்பித்தது. “உங்க போன்ல நெட் பேக்கே போடலையேப்பா, கார் வைஃபைலதான் ஓடுது. கொஞ்ச தூரத்துக்குத்தான் எட்டும், அதைத் தாண்டிப் போனா நின்னுடும்” என்றான் சுதாகர் உள்ளே இருந்து. நிரஞ்சனா எட்டிப் பார்த்தாள். யார் போனில் என்று புரிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றி, லேப்டாப்பை மூடி, “நான் கட் பண்ணிட்டேன் மாமா, உங்களுக்கு நல்லா கிளியரா வரும்” என்றாள். யாரோ எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று அவள் அந்த மீட்டிங்கை நடுவில் விட்டது சிகாமணிக்கு என்னமோ செய்தது. ஏறி உட்கார்ந்து புடவைக் கவரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“மாமா, எங்க இருக்கீங்க?” என்றான் குணா. சட்டை இல்லாமல், ஈரத் துண்டோடு நின்றான். குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள் போல. சுதாகர் முந்திக்கொண்டு நிலைமையைச் சொன்னான். அந்தப் பக்கம் சலசலப்பு. யாரோ ஒரு பெரிய மனுஷி, “பொறந்த வீட்டுக் கோடி விழாம எப்படிய்யா எடுப்பீங்க? பூவும் பொட்டுமா போறவ” என்று சத்தம் போட்டாள். இன்னொரு ஆம்பளைக் குரல், “அதுக்காக மழைல நனையப் போடுவியா?” என்றது. குணா போனைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்த் தணிந்த குரலில் கேட்டான், “மாமா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க வாங்கியிருக்கிற புடவைய இதுல காட்டுங்க. அதே மாதிரி இங்க கடைல ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க, நீங்க சொல்லச் சொல்ல அப்பா போடட்டும். அது நீங்க போட்ட மாதிரிதான்.” சிகாமணிக்குக் காது அடைத்தது. சொல்லச் சொல்லப் போடுவதா? டிரங்க் காலில் தாலி கட்டுவது மாதிரி அல்லவா இருக்கிறது இது. முடியாது என்று சொல்லிவிடலாம், நான் வரும் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த உரிமை அவருக்கு இருக்கிறது, ஊர் மொத்தமும் நின்றுதான் ஆக வேண்டும். அவர் சொல்லி, மழை பிடித்துக்கொண்டால்? அக்கா நனைந்த விறகில் புகைந்துகொண்டு கிடப்பாள், காலத்துக்கும் அந்தப் பழி இவருக்கு. பார்க்க வேண்டுமென்பது இவருடைய ஆசை. அவளுக்கு இனிமேல் என்ன ஆசை? கவரைப் பிரித்துப் புடவையை எடுத்தார். அரக்கு நூல் புடவை, ஓரத்தில் சின்னதாக மஞ்சள் கரை. போனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், கடைப் பெண் பிடித்தாளே அந்த மாதிரி.

குணா அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, “கடைக்கெல்லாம் போக வேணாம்டா.” நடேசன் மாமா. அக்கா வீட்டுக்காரர், சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரானவர், பேச்சே கிடையாது, வீடியோவில்கூடக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இப்போது முகத்தை மொத்தமாக போனுக்குள் கொண்டுவந்து வைத்தார், தாடி முளைத்து, கண் ரெண்டும் வீங்கி. “மச்சான், போன பொங்கலுக்கு நீ அனுப்புன வரிசைப் புடவை பீரோல இருக்கு. மடிப்புக் கலையல. தண்ணி படாத புடவை, தம்பி வாங்கிக் குடுத்தது, அதைவிடவா ஒரு கோடி இருக்கு?” சிகாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிக்கிட்டேன்டா, நல்லா எடுப்பா இருக்கு, எதிர்வீட்டுக்காரிகூடக் கேட்டா என்று பொங்கலன்றைக்கு அக்கா சொன்னாளே. கலர் பிடிச்சிருக்காக்கா என்று இவரும் கேட்டாரே, அது என்ன கலர் என்றே தெரியாமல். அவள் கட்டாத புடவையை அவளும், இவர் பார்க்காத புடவையை இவருமாக எவ்வளவு நேரம் பேசினார்கள். “கட்டிக்கிட்டதா சொன்னாங்களே மாமா” என்றார். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி வந்தது. நடேசன் மாமா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவா. அவன் நேர்ல வர்றப்ப கட்டிக்கிறேன்னு எடுத்து வச்சிருந்தா. காரு வாங்கியிருக்கான், இந்தா வந்துடுவான், இந்தா வந்துடுவான்னா” என்றார். மச்சானைக் குறை சொல்கிற தொனியே இல்லை. சுதாகர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின் சீட்டில் நிரஞ்சனா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுக்குத்தான் அந்தப் புடவை தெரியும். “மாம்பழக் கலர் மாமா” என்றாள் மெதுவாக, “பச்சைக் கரை.”

மாம்பழக் கலர்தான். குணா போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான், கூடம் முழுக்கத் தெரிந்தது. ஐஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பெஞ்சில் அக்கா. மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, மூக்கில் பஞ்சு. முதல் தடவையாக வீடியோவில் முழு முகமும் தெரிந்தது, அவள் போனைப் பிடிக்கவில்லை அல்லவா. வைஃபை நன்றாகத்தான் வேலை செய்தது, குறை சொல்லக் கூடாது, பூ மாலையில் ஈ உட்காருவது வரை தெரிந்தது. “சொல்லு மச்சான்” என்றார் நடேசன் மாமா, கையில் மடிப்புக் கலையாத புடவையோடு. என்ன சொல்வது? எக்ஸ்சேஞ்சில் இவர் எத்தனையோ பேருக்கு லைன் போட்டுக் கொடுத்து, பேசுங்க, பேசுங்க என்று சொல்லியிருக்கிறார், அந்தப் பக்கம் வந்தாச்சு, பேசுங்க சார். ஜனங்கள் வாயடைத்துப் போய் நிற்பார்கள், காசு ஓடுதே என்று இவருக்கு எரிச்சல் வரும். இப்போதுதான் தெரிகிறது. “போடுங்க மாமா” என்றார். புடவையைப் பிரித்துப் போட்டார்கள். கழுத்தில் அரிக்காது, நூல் புடவைதான், நிரஞ்சனா பார்த்து வாங்கியிருக்கிறாள், நல்ல பிள்ளை. மடியில் அரக்குப் புடவை பாதி பிரிந்து கிடந்தது. இதை என்ன செய்வது, பில்லோடு கொண்டுபோனால் மாற்றித் தருவார்கள். அப்போதுதான் தூரத்தில் ஆம்னி பஸ் ஒரு உறுமல் உறுமிற்று. “மண் கொட்டிட்டாங்க போல, நகர ஆரம்பிக்கும்பா” என்றான் சுதாகர். அந்தப் பக்கம் பறை வேகமெடுத்தது. நாலு பேர் பெஞ்சைச் சுற்றி வந்து நின்றார்கள்.

தூக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சிகாமணி கார் கதவைத் திறந்தார். எடுக்கும்போது யாராவது உட்கார்ந்திருப்பார்களா? எந்தச் சாவிலும் அந்த நேரம் எழுந்து நிற்காத மனுஷன் உண்டா? அதுவும் கூடப் பிறந்தவளை எடுக்கும்போது, ஏசி காற்றில், மெத்தை சீட்டில் சாய்ந்துகொண்டு? “அப்பா, எங்க போறீங்க?” என்று சுதாகர் கத்துவதைக் கேட்டும் கேட்காமல் இறங்கினார். செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றிவிட்டார். தார் ரோடு காலைச் சுட்டது. நின்றால் மட்டும் போதுமா, கூட நாலு எட்டு நடக்க வேண்டாமா, அதுதானே முறை, தூக்கினதும் பிறந்த வீட்டுக்காரன் பின்னால் நடக்க வேண்டும். போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அரக்குப் புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோழி வேனைத் தாண்டி, ஆம்னி பஸ்ஸை ஒட்டி, வடலூர் இருக்கிற திசையில் நடந்தார். திரையில் பெஞ்சு ஒரு ஜாண் எழும்பிற்று. அத்தோடு நின்றுவிட்டது. பறைச் சத்தம் பாதியில் அறுந்தது. குணாவின் தோள், நடேசன் மாமாவின் தூக்கிய கை, மாம்பழக் கலர், எல்லாம் அப்படியே. அக்காவின் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றிக் குங்குமத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. “அப்பா, ரேஞ்சு போயிடுச்சு, பின்னால வாங்க! கார் கிட்ட வந்தீங்கன்னா வந்துடும்!” என்று பின்னால் சுதாகரின் குரல். தெரியும். கொஞ்ச தூரம் பின்னால் போனால் போதும், தெரியும். போனால் வந்துவிடும், வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுவார்கள். இங்கே நின்றால் அவள் கூடத்தில் இருக்கிறாள். சிகாமணி நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றாரோ. பஸ் நகர்ந்தது, கோழி வேன் நகர்ந்தது, பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்றோடொன்று போட்டிபோட்டன. எவனோ ஒருத்தன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “பெரியவரே, சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலயா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் நகரவில்லை. அவர் நகராவிட்டால் என்ன, கார் நகரும் அல்லவா. சுதாகர் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினான், நிரஞ்சனா எட்டிக் கதவைத் திறந்து பிடித்தாள், காரோடு கூடவே வைஃபையும் வந்து சேர்ந்தது. கையில் இருந்த வட்டம் மறைந்தது. கூடம் வெறிச்சென்று இருந்தது. பெஞ்சு இல்லை, பூ மட்டும் சிதறிக் கிடந்தது. பறைச் சத்தம் எங்கேயோ தெருக்கோடியில் கேட்டது. ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டி, விளக்குமாற்றால் வாசலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் வந்தவள் போனைப் பார்த்து நின்றாள், ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். “யாருங்க லைன்ல? எல்லாரும் போயிட்டாங்களே” என்றாள். அவள் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு இதை எப்படி நிறுத்துறதுன்னு தெரியலீங்க. நீங்க வச்சிடுங்க” என்றாள்.

எப்போதும் போல அவர்தான் முதலில் வைத்தார்.